புதுப்பிப்பு: முதல் டிஎஸ்எல்ஆர் கேமராவை வாங்கிவிட்டேன்

கேனான் 200டி, நிக்கான் டி5600 ஆகிய இரண்டில் எது நல்லது என்றும், இரண்டு ஜூம் லென்ஸ்களோடு புதிதாக வாங்குவதா அல்லது பயன்படுத்திய கேமராவை வாங்கி மீதிப் பணத்தை நல்லதொரு லென்ஸுக்குச் செலவிடுவதா என்றும் முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பயன்படுத்திய டி5600-ஐ 18-55 மி.மீ. லென்ஸோடு வாங்கி, 35 மி.மீ. எஃப்/1.8ஜி லென்ஸையும் சேர்த்துக்கொண்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த 35 மி.மீ. லென்ஸ்தான். அதன் எஃப்/1.8 துளை (எண் சிறிதானால் துளை பெரிது), முழுமையாக நீட்டிய 18-55 லென்ஸின் எஃப்/5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுவதால், மாலை வேளையில் வீட்டுக்குள் குழந்தைகளை ஃபிளாஷ் இல்லாமலேயே படமெடுக்க முடிகிறது. பலர் பரிந்துரைத்த 50 மி.மீ. லென்ஸும் சிறந்ததே, ஆனால் டி5600-இன் சிறிய சென்சாரில் (படம் பதியும் பகுதி) அது 75 மி.மீ. லென்ஸின் குறுகிய பார்வைக் கோணத்தைத் தருவதால், சிறிய அறைகளில் பின்னால் நகர இடம் போதாது.

நிக்கானைத் தேர்ந்தெடுப்போர் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும்: டி5600-இன் உடலில், லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யவைக்கும் மோட்டார் இல்லை. சொந்த மோட்டார் இல்லாத, மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைப் பொருத்தினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், மோட்டார் உள்ளேயே அமைந்த, ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி எனக் குறிக்கப்பட்டவற்றையே வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன், அந்தக் கேமராவிலேயே ஒரு படமெடுத்து, அந்தப் படக் கோப்பிலேயே பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் ஷட்டர் எண்ணிக்கையையும் (கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்பதை) பார்த்துவிடுங்கள்.