புயலுக்கு மறுநாள் கிடைத்த ஆம்பர்

கோத்தகிரியிலிருந்து:

கடலை எப்போதாவது ஒருமுறை பார்க்கும் மலைக்காரியான எனக்கு, ஆம்பர் தேடும் வாய்ப்பு மகனால் கிடைத்தது. அவன் போலந்து நாட்டில், பால்டிக் கடலோரத்திலுள்ள கிடான்ஸ்க் நகரில் வேலை பார்க்கிறான். ஒரு நவம்பர் மாதம் முழுவதும் அவனுடன் தங்கியிருந்தேன். ஆம்பர் என்றதும் இங்கே பலரும் திமிங்கலத்தின் வயிற்றிலிருந்து வரும் அம்பர்கிரிஸ் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறு, நம் நாட்டில் அதை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நான் சொல்வது, ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மரங்களில் வடிந்து, மண்ணுக்கடியில் இறுகிப்போன பிசினை.

முதல் இரண்டு நாட்கள் அமைதியான கடலோரத்தில், மின்னுவதையெல்லாம் பொறுக்கினேன். எல்லாம் கண்ணாடிச் சில்லும் மஞ்சள் கூழாங்கல்லும்தான். மூன்றாம் நாள் இரவு முழுவதும் புயல்காற்று அடித்தது. விடியுமுன் மகன் என்னை எழுப்பி, விஸ்துலா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே அழைத்துச் சென்றான். மார்பு வரை ரப்பர் உடை அணிந்த ஆட்கள் நீண்ட கழியில் கட்டிய வலையால் அலையிலிருந்து பாசியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரையில் குனிந்து நடந்த ஒரு மூதாட்டி, நான் வெறும் மணலைத் துழாவுவதைப் பார்த்துவிட்டு, அலை ஒதுக்கிய பாசியும் சுள்ளியும் கரித்துண்டும் கிடந்த கறுப்புக் கோட்டைக் கையால் காட்டினார். அந்தக் கணம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கொழுந்து பறிக்கிறவள் செடி முழுவதையுமா பார்க்கிறாள்? ஆம்பர் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே அமைதியான கடலில் அடியில் கிடக்கும், அலை புரட்டும்போது நனைந்த சுள்ளியோடு சேர்ந்து மிதந்துவந்து, சுள்ளி ஒதுங்கும் இடத்திலேயே ஒதுங்கும்.

பாசியைப் பிரித்துப் பார்த்தபோது துவரம்பருப்பு அளவில் ஒன்று கிடைத்தது; சற்று நேரத்தில் புளியங்கொட்டை அளவில் இன்னொன்று. மேலே மங்கலான தோல். விரலால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் நிறம். அந்தக் குளிரில் கூழாங்கற்கள் விரலைச் சுட்டன, இது சுடவில்லை. பல்லில் மெல்லத் தட்டினால் கல்லைப்போல் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். வீட்டுக்கு வந்து கம்பளி ஸ்வெட்டரில் தேய்த்தேன். செய்தித்தாள் துணுக்குகள் தாவி வந்து ஒட்டிக்கொண்டன. சூடான ஊசி முனையை ஓரத்தில் வைத்தபோது எழுந்த வாசனையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குறும்பர் பழங்குடியினர் காட்டிலிருந்து கொண்டுவரும் கருங்குங்கிலியத்தை மழைக்கால மாலைகளில் என் பாட்டி தணலில் போடுவார். ஏறக்குறைய அதே வாசனை.

தேடச் செல்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. கண்டெடுத்ததைச் சட்டைப்பையில் போடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின் குண்டுகளில் இருந்த வெண் பாஸ்பரஸ் பால்டிக் கரையில், குறிப்பாக ஜெர்மனியின் உசடோம் தீவுப் பகுதியில், இன்றும் ஒதுங்குகிறது. ஈரமாக இருக்கும்வரை அது ஆம்பரைப் போலவே தோன்றும். பையில் உலர்ந்து உடம்புச் சூடு பட்டதும் தானே தீப்பற்றி, 1300 டிகிரி வெப்பத்தில் எரியும். இருமல் மிட்டாய் வந்த தகர டப்பா ஒன்றை மகன் என்னிடம் கொடுத்து, எதுவானாலும் இதில்தான் போட வேண்டும், இதையும் உடம்போடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

கொடைக்கானலிலிருந்து:

கோத்தகிரி அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும், சுற்றுலா சென்ற இடத்தில் ஒரு கடையில் ஆம்பர் என்று நம்பி நான் வாங்கிய மாலை நினைவுக்கு வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் அடியில் தங்கும் வரை கல் உப்பைக் கரைத்து அதில் மணிகளைப் போட்டேன். ஆம்பராக இருந்தால் மிதக்க வேண்டும். இரண்டு மணிகள் உடனே மூழ்கின, மற்றவை மிதந்தன. மகிழ்ந்துபோனேன். ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக்கும், முழுதாக இறுகாத இளம் பிசினும்கூட உப்புநீரில் மிதக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. மிதந்த மணியில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் ரிமூவர் விட்டுத் தொட்டேன்; விரல் ஒட்டிக்கொண்டது. உண்மையான ஆம்பர் அப்படிப் பிசுபிசுக்காது.

எங்கள் பைன் காட்டில் மரப்பட்டையில் வடியும் பிசினும், சீகை (வாட்டில்) மரத்துக் கோந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். என் மகள் இரண்டையும் பொறுக்கிவந்து, எது ஆம்பராகும் என்று கேட்டாள். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தோம். மறுநாள் காலையில் சீகைக் கோந்து கரைந்து கொழகொழவென்று ஆகியிருந்தது. பைன் பிசின் போட்டபடியே கிடந்தது. அந்த உருண்டையை அவள் இன்னும் ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறாள்.