கூபேயில் அத்தையுடன் ஒன்றரை நாள்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரையாள் (கேள்வி):

வணக்கம். வைகாசிக் கடைசியில் என் மாமியாரை டெல்லியில் இருக்கும் கொழுந்தனார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆறு மாதம் அங்கே இருக்கப் போகிறார். அத்தைக்கு 76 வயது, எனக்கு 49. விமானத்தில் காது அடைக்கும் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதனால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறோம். இரவு 10 மணிக்குச் சென்னை சென்ட்ரலில் ஏறினால் மறுநாள் முழுக்க வண்டி, அதற்கடுத்த நாள் காலையில்தான் டெல்லி. கேபின் வேண்டுமா, கூபே வேண்டுமா என்று முன்பதிவில் கேட்டபோது என் கணவர் கூபே என்று குறித்துவிட்டார். இரண்டே பேர் அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம், நிம்மதி என்கிறார்.

எனக்கு அதுதான் கவலை. 24 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். மனக்கசப்பு எதுவும் கிடையாது. ஆனால் நானும் அத்தையும் மட்டும் ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் நடுவில் ஒரு வேலை இருக்கும். அவர் முருங்கைக்கீரை உருவுவார், நான் அடுப்படியில் நிற்பேன், பேச்சு அதன்போக்கில் நடக்கும். கையில் வேலை எதுவும் இல்லாமல் ஒரு முழுப் பகலை எப்படிக் கழிப்பது?

அத்தை விடியற்காலை நாலரைக்கே எழுந்து விளக்கேற்றி, வாய்விட்டுச் சகஸ்ரநாமம் சொல்வார். இரவில் மூன்று முறையாவது கழிப்பறைக்குப் போவார். வெளிச் சாப்பாட்டைத் தொடமாட்டார். எனக்கோ காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் இருந்தால்தான் அன்றைய நாள் ஒழுங்காகப் போகும். வலது முழங்காலில் வலி வேறு. கூபேயை விட்டுவிட்டு நான்கு பேர் கேபினே போதும் என்று கேட்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பரிசோதகர்:

அம்மா, நான் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் குறித்தது விருப்பம் மட்டுமே. முதல் வகுப்பு ஏ.சி. டிக்கெட் உறுதியானாலும் அதில் படுக்கை எண் இருக்காது. கிளம்பும் முன் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரிக்கும்போதுதான் எந்த அறை என்று ஒதுக்குவார்கள். இந்தக் காலத்து முழுப் பெட்டியில் 24 படுக்கை. அதில் கூபே இரண்டுதான், மற்ற ஐந்தும் நான்கு பேர் கேபின். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு பெண்கள் என்பதால் உங்களுக்குக் கூபே கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேபின் கிடைத்தால் கூட வரும் இருவர் ஆண்களாகவும் இருக்கலாம். பெரியவர் சேலையைச் சரிசெய்ய வேண்டும், கொஞ்சம் காலை நீட்ட வேண்டும் என்றால் கூபேதான் வசதி. எது கிடைத்தாலும் மறுக்காதீர்கள்.

ஆனால் கூபேயில் ஒரு சிரமம் உண்டு. அதைப் பலர் ஏறிய பிறகுதான் உணர்கிறார்கள். கேபினில் எதிரெதிராக இரண்டு கீழ்ப்படுக்கை இருக்கும். கூபேயில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, எதிரே சுவர், அவ்வளவுதான். பகலில் அத்தை சற்றுக் கண்ணயர்ந்தால் நீங்கள் உட்கார இடம் அவர் காலடிதான்; இல்லையென்றால் மேல்படுக்கை. அதனால் மேல்படுக்கையை இரவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பகலிலும் அது உங்கள் இடம். முழங்கால் வலி என்கிறீர்களே, வண்டி சென்ட்ரலில் நிற்கும்போதே மேல்படுக்கைக்கு ஏறும் சிறு படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பழகிவிடுங்கள்.

கதவு பக்கவாட்டில் நகரும் கதவு, கனமாக இருக்கும். அத்தையின் கையைப் பிடித்துத் தாழ்ப்பாளைத் திறந்து மூடப் பழக்குங்கள். கழிப்பறை வெளியே, நடைவழியின் கோடியில். வண்டி ஆட்டத்தில் அவர் தனியாகப் போகவே கூடாது. மெத்தையில் தட்டினால் நீங்கள் இறங்கி வருவீர்கள் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அறையில் அழைப்பு மணி உண்டு, அட்டெண்டண்ட் வருவார். மேற்கொண்டு உதவி வேண்டுமானால் ரயில்வே உதவி எண் 139.

போபால் மருமகள்:

அக்கா, இதே வண்டியில் என் அப்பாவோடு இரண்டு முறை கூபேயில் வந்திருக்கிறேன். நடைவழியை மறந்துவிடாதீர்கள். கூபேயின் ஜன்னலில் தண்டவாளத்தின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் வெளியே வந்து நடைவழி ஜன்னலில்தான் நிற்க வேண்டும். முதல் பயணத்தில் அப்பாவுக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று மதியம் வரை விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். நாக்பூர் தாண்டியதும் அவரே, "அம்மாடி, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வாயேன்" என்றார். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவர் முகமே தெளிந்திருந்தது. அந்த ஆறடி அறையில் அவருக்கு நான் கொடுக்க முடிந்தது அதுதான். உங்கள் காலை நேரத்தையும் நடைவழியில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை உள்ளே சகஸ்ரநாமம் சொல்லட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள், இருவருக்கும் நல்லது.

ராமகுண்டம் தாண்டி கோதாவரி வரும். மாலையில் இடார்சி கடந்து நர்மதாபுரத்தை ஒட்டி நர்மதை. அத்தையைத் தயாராக உட்காரவையுங்கள், பாலம் சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்த வண்டியில் டிக்கெட்டோடு சாப்பாடு சேராது, அது ராஜதானி போன்ற வண்டிகளில்தான். எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலைக்கு, புளியோதரை மதியத்துக்கு. தயிர் சாதம் வேண்டுமென்றால் சாதத்தைப் பாலில் குழையப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விடுங்கள். மறுநாள் மதியம்வரை புளிக்காது. இரவுக்கு மெல்லிய சப்பாத்தியும் தொக்கும்.

தீப்பெட்டி வேண்டாம்:

விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ரயிலில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் ஏற்றக் கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் போனார்கள். நான் மதுரைக்காரன், அந்தக் காலையை மறக்க முடியாது. மூடிய ஏ.சி. பெட்டியில் ஒரு திரி கூட வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ரயிலில் ஏறிய பிறகு சொன்னால் மனம் வருந்துவார்.

காவிரிக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. போய்வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, இப்போதுதான் எழுத முடிந்தது.

கூபேயே கிடைத்தது. விளக்கு விஷயத்தைக் கும்பகோணத்தில் வீட்டிலேயே சொன்னேன். "மனசுக்குள் ஏற்றிக்கொள்கிறேன், உன்னைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கமாட்டேன்" என்றார். அன்று இரவு நான்கு முறை மெத்தையைத் தட்டினார். ஒவ்வொரு முறையும் இறங்கும்போது முழங்கால் பளீரென்று இழுத்தது, உண்மை. மூன்றாவது முறை அவர் இருட்டில் என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். காலையில் பையிலிருந்து தைலத்தை எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே அவர் கையாலேயே தேய்த்துவிட்டார். 24 வருடத்தில் அத்தை என் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் பாட்டுக்கு வாரங்கல் வருகிறதா பார் என்றார்.

போபால் தங்கை சொன்னபடி விடிந்ததும் நடைவழியில் நின்றேன். உள்ளேயிருந்து சகஸ்ரநாமம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவரே கதவைத் தள்ளித் திறந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டார். பேச்சுக்குப் பஞ்சமே வரவில்லை. என் மாமனார் முதன்முதலில் அவரை ரயிலில் அழைத்துப்போன கதை, கரி எஞ்சின் புகையில் கலியாணச் சேலை கறுத்த கதை. நான் கேட்டேயிராத கதைகள். மதியம் அவர் படுத்துக்கொள்ள, நான் மேலே போய்விட்டேன்.

நர்மதைக்கு நாங்கள் அரை மணி முன்னதாகவே ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டோம். வண்டி சற்றுத் தாமதம், ஆனாலும் வெளிச்சம் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்தார். ஊரிலிருந்தே முடிந்து வைத்திருந்திருக்கிறார். ஏ.சி. பெட்டியில் ஜன்னல் திறக்காது என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவரிடம் சொல்ல நா எழவில்லை. பாலம் தடதடக்க ஆரம்பித்ததும் அவர் நாணயத்தைக் கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். பாலம் முடியும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியில் அவருடைய ஐந்து விரலும் கொஞ்ச நேரம் ஆவியாகத் தெரிந்தன.

நாணயத்தை என் கையில் கொடுத்து, "நீதானே திரும்பிப் போகிறாய், நம் ஆற்றில் போட்டுவிடு" என்றார். நான் வந்தபோது காவிரி மணலாகக் கிடந்தது. காத்திருந்து, ஆடிப்பெருக்கன்று பகவத் படித்துறையில் இறங்கிப் போட்டேன். அங்கிருந்தே அத்தைக்குப் போன் செய்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

கார்த்திகையில் அவரை அழைத்துவரப் போக வேண்டும். பரிசோதகர் ஐயா, திரும்பும்போதும் கூபே என்றே குறித்திருக்கிறோம்.