மறு: கடலோர எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பெஞ்சுல வர்ற பழுப்புக் கறைக்குத் தமிழ்ல என்ன பேர்?

வணக்கம். தோட்டத்து பெஞ்ச், மேசை செய்யிற பட்டறைக்காக பராமரிப்புக் குறிப்பு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், திருவான்மியூர் ஃபிளாட் ஒண்ணுக்குப் போகுது, வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுத்தாகணும். ஒரு சொல்லுதான் இடிக்குது. கடல் பக்கம் வெச்ச ஸ்டீல் மேல மெல்லிசா பழுப்பு படருமே, இங்கிலீஷ்ல டீ ஸ்டெயினிங். 'தேநீர்க் கறை'ன்னா யாரோ டீயைக் கொட்டிட்டாங்கன்னுதானே படிப்பாங்க?

———

> 'தேநீர்க் கறை'

வேண்டவே வேண்டாம். காத்துல வர்ற உப்போட குளோரைடு படிஞ்சு உண்டாகுறது, அதனால 'உவர்க்கறை'. உவர்மண், உவர்நீர்னு நமக்கு ஏற்கெனவே இருக்கு. கறையும் லேசுப்பட்ட சொல் இல்ல, புறநானூத்துக் கடவுள் வாழ்த்துல 'கறைமிடறு அணியலும் அணிந்தன்று'ன்னு சிவன் கழுத்துக் கறையை அணியாவே பாடியிருக்கு. இங்கயும் நிறம்தான் மாறுது, பெஞ்சோட பலம் குறையுறதில்ல. அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 'துருவா எஃகு'ன்னு எழுதிடாதீங்க, அது தேங்காய் துருவுற துருவு. 'துருவுறா எஃகு', துரு + உறா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

———

ஐயா, இலக்கணம் சரிதான், ஆனா அம்பத்தூர்ல ஒரு வெல்டர்கிட்ட 'துருவுறா எஃகு'ன்னு நீட்டினா 'யாரு துருவுறா'ன்னுதான் கேப்பார். எவர்சில்வர்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும். பேரைவிட கிரேடை, அதாவது எந்த ரக ஸ்டீல்ங்கிற நம்பரை, தெளிவா எழுதுறது முக்கியம். 304ல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் கிட்ட இருக்கும், 316ல அதோட மாலிப்டினம் 2-3 சதவீதம், உப்பைத் தாங்குறது அதுதான், கடலோரத்துக்கு 316 தவிர வேற வேண்டாம். நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்த 202ஐ பாலிஷ் போட்டு 304னு தள்ளிவிடறவங்க இருக்காங்க, காந்தம் வெச்சுப் பாத்தும் பிரயோசனமில்ல, ரெண்டும் பெரும்பாலும் ஒட்டாது, ஸ்டீல் ஆலை குடுக்கிற மில் சர்டிபிகேட் கேட்டு வாங்கணும்.

———

உவர்னா எனக்கு சுவர்ல வெள்ளையா உப்பு பூக்குமே அதுதான் ஞாபகம் வருது, இது பழுப்பு. பட்டினப்பாக்கத்துல யாரைக் கேட்டாலும் உப்புக்காத்துன்னுதான் சொல்றாங்க, 'உப்புக்காற்றுக் கறை'ன்னு வெச்சுடலாமே. குறிப்புல இதையும் சேருங்க: மழை படுற இடத்தைவிட கூரைக்கு அடியில இருக்கிற பெஞ்சுலதான் கறை அதிகம் வரும், மழை உப்பைக் கழுவிடுது. அதனால நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு, பாலிஷ் கோடு போற திசையிலேயே துடைக்கச் சொல்லுங்க. பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. இரும்பு நாரும் ஆகாது, அதோட துகள் பதிஞ்சு அதுவே துருப்பிடிக்கும்.

———

எல்லாருக்கும் நன்றி. கடைசியா சொன்னபடி 'உப்புக்காற்றுக் கறை'ன்னே போடறேன், அட்டையில எவர்சில்வர், உள்ள துருப்பிடிக்காத எஃகு. இதுக்கு மேல தள்ள முடியாது, அச்சகத்துல காத்திருக்காங்க.

———

> 'உப்புக்காற்றுக் கறை'

எனக்கு ஒப்புதல் இல்ல, பதிவு பண்ணி வைங்க. நீச்சல்குளத்து ஓரத்துலயும் இதே கறை வருது, அங்க உப்புக்காத்து ஏது? உவர்க்கறைன்னா ரெண்டையும் அடக்கும். ஸ்டீல் மேல துருவைத் தடுக்கிற மெல்லிய பாசிவ் ஃபிலிமுக்கு 'செயலறு படலம்'னு போட்டிருந்தா அதையாவது அச்சுக்கு முன்னாடி மாத்துங்க. அந்த குரோமியம் ஆக்சைடுதான் முழு வேலையும் செய்யுது, கீறல் விழுந்தாலும் காத்துல ஆக்சிஜன் பட்டதும் தானா மறுபடி உண்டாகுது, அதைப் போய் செயலறுன்னா எப்படி? 'காப்புப் படலம்'.