புதுப்பிப்பு: அம்மாவோடு வைகை அணைக்குப் போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அம்மாவை வைகை அணைக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டோம். தாராளமாகப் போகலாம்.

அணைக்கு முன்னால் ஆற்றின் இரு கரையிலும் பூங்கா, நடுவே சிறு பாலம். அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள்தான் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடினார்கள். 1959இல் திறந்த அணை. சின்ன வயதில் மாட்டுவண்டியில் வந்த கதையை அம்மா மறுபடி சொன்னார். எனக்கு அதுவே போதும்.

அப்புறம், கிளம்பும் முன் நீர்மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. நிறையத் தண்ணீர் திறந்தால் அந்தப் பாலம் மூழ்கிவிடும்.