லாங்காங் (வடிகால்) பாசியை வைத்துக் காற்றின் அழுக்கைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஜூரோங்வாசி:
மகள் உயர்நிலை 3 படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் செயல்திட்டம். பாசியைப் பார்த்தே காற்று எப்படி என்று சொல்லிவிடலாம் என எங்கோ படித்துவிட்டு வந்து நிற்கிறாள். நாங்கள் சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறோம். புளோக்குக்குக் கீழே லாங்காங் சுவர் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி. "இவ்வளவு செழிப்பா இருக்கே, அப்போ நம்ம காற்று சுத்தம்தான்ப்பா" என்கிறாள். ஆனால் சில ராத்திரிகளில் காற்று திரும்பினால் ஏதோ ரசாயன நெடி வந்து ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. பாசியை நம்புவதா, மூக்கை நம்புவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செலவு குறைவாக இருந்தால் புண்ணியமாகப் போகும்.

தூங்குமூஞ்சி:
அண்ணே, நான் சாலையோர மரப் பராமரிப்பில் சூப்பர்வைசர். பாசிக்குத் தேவை ஈரமும் நிழலும். லாங்காங்கில் இரண்டும் இருக்கிறது, காற்று எப்படி இருந்தால் அதற்கென்ன? ஒரே தூங்குமூஞ்சி மரத்தில் தண்ணீர் வழியும் பக்கம் பாசி மெத்தை மாதிரி இருக்கும், வெயில் பக்கம் வெறும் பட்டை. இரண்டு பக்கமும் ஒரே காற்றுதானே!

ஆய்வகத்து அக்கா:
தூங்குமூஞ்சி தம்பி சொன்னது சரி. உலோகம் அளக்கும் ஆய்வகத்தில்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

உங்கள் மகளின் யோசனையும் ஒன்றும் இல்லாததல்ல. அது லைக்கன்களுக்குப் பொருந்தும், அதாவது மரப்பட்டையில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்குமே, அவை. கந்தக டை ஆக்சைடு ஏறினால் பல வகை லைக்கன்கள் செத்துப்போகும். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் அவை குறைவதை நைலாண்டர் என்பவர் 1866லேயே எழுதி வைத்தார்.

பாசியை, அதாவது மாஸ் எனப்படும் குட்டி இலைத் தாவரத்தை, அதிகம் பயன்படுத்துவது வேறு விதத்தில். அது செழிக்கிறதா, வாடுகிறதா என்று பார்ப்பதில்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். அதற்கு உண்மையான வேர் கிடையாது. இலை பெரும்பாலும் ஒரே செல் கனம்தான், மேலே தடித்த மெழுகுப்பூச்சும் இல்லை. மழையும் தூசியும் கொண்டுவருவதுதான் அதற்குச் சாப்பாடு. கூடவே வரும் ஈயம், காட்மியம் எல்லாம் செல்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சேரும். 1960களின் கடைசியில் ஸ்வீடனில் ரூலிங், டைலர் இருவரும் தொடங்கிவைத்த முறை இது. ஐரோப்பாவில் 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படிப் பாசி சேகரித்து வரைபடம் போடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த கதை அமெரிக்காவின் போர்ட்லண்ட். 2013 டிசம்பரில் நகரம் முழுக்க மரங்களிலிருந்து 346 மாதிரிகள் எடுத்தார்கள். காட்மியம் எகிறிய இடங்கள் வண்ணக்கண்ணாடி செய்யும் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. அப்புறம் கருவி வைத்துப் பார்த்தபோது காற்றிலும் காட்மியம் இருந்தது. கருவியை எங்கே வைப்பது என்று பாசி காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இந்த மணிக்குக் காற்று எப்படி என்று அதனிடம் கேட்க முடியாது. அதற்கு ஒரு மணிநேர பிஎம் 2.5, அதாவது காற்றிலுள்ள நுண்துகள் அளவைப் பாருங்கள்.

லாங்காங் பாசி மட்டும் வேண்டவே வேண்டாம். சிமெண்டிலிருந்தும் ஓடும் நீரிலிருந்தும் உலோகம் ஏறும், எது காற்றிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. சுவரில் வழுவழுவென்று இருப்பது இலையே இல்லாத ஆல்காவாகவும் இருக்கலாம், அதையும் நாம் பாசி என்றுதான் சொல்கிறோம். பூதக்கண்ணாடியில் குட்டி இலைகள் தெரிந்தால்தான் இந்தப் பேச்செல்லாம். இங்கே சிமெண்டில் அடிக்கடி தென்படும் ஹையோஃபிலா என்ற பாசி, காய்ந்தால் இலையை உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்ணெதிரே விரியும். மகளுக்கு அதைக் காட்டுங்கள், அவ்வளவு அழகு.

ஜூரோங்வாசி:
ரொம்ப நன்றி அக்கா. அப்படியானால் மரத்துப் பாசியைச் சுரண்டி எடுத்து வரட்டுமா? உலோகம் அளக்க எங்களிடம் கருவி இல்லையே.

தூங்குமூஞ்சி:
பூங்காவிலும் சாலையோரத்திலும் அனுமதியில்லாமல் செடியில் கைவைக்காதீர்கள் அண்ணே. பார்த்தால் நானே சத்தம் போடுவேன்.

ஆய்வகத்து அக்கா:
சுரண்டவே வேண்டாம். பாசிப் பை கட்டித் தொங்கவிடுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்காக நர்சரியில் காய்ந்த ஸ்பாக்னம் பாசி விற்பார்கள். காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, உலர்த்தி, நைலான் வலையில் தளர்வாகப் போட்டுக் கட்டுங்கள். விரைவுச்சாலைப் பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, டப்பாவில் மூடி வீட்டுக்குள் ஒன்று. வெளியில் தொங்கும் இரண்டும் ஒரே உயரத்தில், மழை படாத இடத்தில் இருக்கட்டும். சில வாரம் கழித்து மூன்றையும் ஒரே அளவு நீரில் குலுக்கி, வெள்ளை வடிதாளில் வடித்தால் எது கறுப்பு என்று கண்ணுக்கே தெரியும். உலோகத்தின் அளவு தெரியாது, தூசியையும் புகைக்கரியையும் ஒப்பிடலாம். பள்ளிக்கு அது போதும்.

இரும்புக் கத்தரி, நாணயம் தொட்ட கை எதுவும் படக்கூடாது. பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கவும் கூடாது, புகையிலையிலேயே காட்மியம் உண்டு.

அந்த ராத்திரி நெடி வேறு கதை. வந்துபோகும் ஆவியைப் பற்றி இந்தப் பை வாயே திறக்காது. நாள், மணி, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதிவைத்துத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் சொல்லுங்கள். அதில் உங்கள் மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

ஜூரோங்வாசி:
நைலான் வலைக்கு வீட்டுக்காரம்மாவின் பழைய ஸ்டாக்கிங்ஸ் ஆகுமா?

ஆய்வகத்து அக்கா:
தாராளமாக. மூன்று பைக்கும் ஒரே ஜோடியிலிருந்து வெட்டுங்கள். கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம், சாயம் இறங்கினால் அதையும் கரி என்று எழுதிவிடுவாள்.