அப்பாவின் பேங்க் கணக்கு, பெயர் குழப்பம்: யூகே மாணவர் விசா

ஹட்டன் பக்கம், தோட்டத்துக் குடும்பம். தங்கச்சிக்கு லண்டனுக்கு வெளியே படிப்பு, வகுப்பு செப்டம்பர் 21. விசாவுக்குக் காட்ட வேண்டியது வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,171 பவுண் வீதம் 9 மாதத்துக்கு 10,539, அதோடு கட்டாத கட்டணம் 8,000. மொத்தம் 18,539 பவுண்.

காசு அப்பாவின் சேமிப்புக் கணக்கில் ஜூலை 2 முதல் கிடக்கிறது. தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கணும்; அதில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. ரூபாய் சரிந்தாலும் தாங்கும்படி கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறோம். வங்கிக் கூற்று ஜூலை 30 வரை. கூற்றின் கடைசி நாளிலிருந்து 31 நாளுக்குள் என்ற கணக்குப்படி ஆகஸ்ட் 30க்குள் விண்ணப்பிக்கணும்.

அப்பாவின் காசைக் காட்டுவதால் பிறப்புச் சான்றிதழால் உறவை நிரூபிக்கணும். சிக்கல் பெயரில்தான். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழில் அப்பா ‘வேலு’ மட்டும். அடையாள அட்டையிலும் பாஸ்புக்கிலும் ‘முத்துவேல்’. தோட்டத்தில் அந்தக் காலத்தில் பதிந்த பெயர், வேறென்ன சொல்ல.

சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தாச்சு. கிராம சேவகர் கடிதம், பிரதேச செயலக ஒப்பத்தோடு இருக்கிறது. அப்பாவின் சம்மதக் கடிதமும், சான்றிதழின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் தயார். வேலுவும் முத்துவேலும் ஒரே ஆள் என்று கடிதம் தர வங்கி மறுத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் திருத்தம் இந்தத் தவணைக்குள் வராது.

காசைத் தங்கச்சி கணக்குக்கு மாற்றினால் 28 நாள் புதிதாக ஓடணும். ஆகஸ்ட் 5இல் மாற்றினாலும் செப்டம்பர் 1 ஆகிவிடும். அதற்குமேல் விசாவுக்கு மூன்று வாரம்.

இதே மாதிரிப் பெயர் வித்தியாசத்தோடு, சத்தியக்கடதாசியும் கிராம சேவகர் கடிதமும் வைத்து யாருக்காவது விசா கிடைத்ததா?