சுற்றிவர எல்லாம் பச்சைதானே, தோட்டத்துக்கு எதற்குத் தனியாக ஒரு திறந்தவெளி?

பீலிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் டிவிஷனில் (தோட்டத்தின் ஒரு பிரிவு) பழைய பெரட்டுக்களம், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டுகிற இடம், ஒன்று இருக்கிறது, ஒன்றேகால் ஏக்கர் வரும். சமதரையாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். பின்னேரம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவது, மாசியில் காமன் கூத்து, செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் நிற்பது எல்லாம் அங்கேதான்.

இப்போது தனி வீட்டுத் திட்டம் வருகிறது. மொத்தம் 70 வீடு, தலா 7 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 25 சதுர மீட்டர்). சந்தோஷமான விஷயம், நாங்களும் லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் ப்ளானில் அந்தக் களத்தின் மேல் 20 வீடு கீறியிருக்கிறார்கள், வேறெங்கும் பொது இடம் என்று ஒரு கோடுகூட இல்லை. கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். முன்னால் இருந்த ஒருவர், "சுற்றிவர ஆயிரம் ஏக்கர் பச்சை கிடக்கிறது, இதற்கு மேலும் உங்களுக்குப் பச்சை வேண்டுமா பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை, வாய் அடைத்துப் போனது.

நான் கேட்டதற்குக் காரணம் அம்மா. 31 வருஷம் கொழுந்து பறித்தவர், இப்போது சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் இருக்கிறது. கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கச் சொல்கிறார்கள். எங்கே நடப்பது? ரோட்டில் ஓரமே இல்லை, லொறி வந்தால் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கித்தான் நிற்க வேண்டும். லயத்துக்குக் கீழே போனால் படி, மேலே போனால் படி, அம்மாவின் முழங்கால் தாங்காது. களத்தில் மட்டும்தான் நடக்கிறார். அதுவும் போனால் வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் கேட்டது பிழையா? பிழையில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

தங்கச்சி, கோபிக்க வேண்டாம், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் மலையகம் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். அதற்கு முன்னால் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயம் லயமாக மண்ணுக்குள் போனது. சரிவில் இருக்கிற சனத்துக்கு முதலில் வேண்டியது சமதரையில் ஒரு வீடு. என் தம்பியின் குடும்பம் இன்னும் இரவல் வீட்டில் இருக்கிறது, மழை இருட்டினாலே பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும். அவர்களிடம் போய் இது நடக்கிற இடம், இங்கே வீடு கட்டக் கூடாது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அம்மாவின் நிலைமை விளங்குகிறது. என்றாலும் ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருக்கிறவனுக்குத் திறந்தவெளி இரண்டாவது காரியம்தான். 20 வீடு குறைந்தால் அது எந்த 20 குடும்பம் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டி வரும்.

மருத்துவிச்சி_அக்கா எழுதியது:

26 வருஷம் தோட்டப் பகுதிகளில் குடும்ப நல உத்தியோகத்தராக (மருத்துவிச்சியாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். லயம் லயமாக நடந்து வீடு வீடாகப் பார்த்தவள் என்பதால் இந்த "சுற்றிவர பச்சை" கதைக்கு நானே பதில் சொல்கிறேன்.

தேயிலை மலை நமக்குப் பச்சை வெளி இல்லை, அது வேலைத்தலம். அதற்குள் ஒரு கிழவி உலாத்தப் போக முடியுமா? பிள்ளை பந்து எடுக்கப் போனால் கங்காணி ஏசுவார். மழைக்காலத்தில் அட்டை, வெயிலில் குளவி, சில டிவிஷன்களில் சிறுத்தை. புல்லுக்கு மருந்து அடித்த அன்று அந்தப் பக்கமே போகக் கூடாது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும், போன இடத்தில் உயிர் விட்டவர்களையும் எனக்குத் தெரியும். பகல் முழுக்க அதற்குள் கூடை சுமந்த உடம்புக்குப் பின்னேரம் அதே மலையைக் காட்டி, இதுதான் உன் பூங்கா என்று சொல்வது நியாயமே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பச்சை வேறு, பயமில்லாமல் கால் வைத்து, யாரும் எழுப்பிவிடாமல் உட்காரக்கூடிய பச்சை வேறு. உடம்புக்கு உதவுவது இரண்டாவதுதான்.

(பார்ப்பதற்கும் பலன் உண்டு, அதை மறுக்கவில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை ஒப்பரேஷன் செய்தவர்களை ஒப்பிட்டார். ஜன்னலால் மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களை விட முந்தி வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் எடுத்தார்கள். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஜன்னலே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

மஸ்கெலியாத் தம்பி, திறந்தவெளி இரண்டாவது காரியம் என்று நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பிலடெல்பியா நகரத்தில் 541 வெற்றுக் காணிகளைச் சீட்டுப் போட்ட மாதிரி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, புல் போட்டு, சில மரங்கள் வைத்து, எவரும் உள்ளே வரக்கூடிய மாதிரி ஒரு சின்ன மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பையை மட்டும் அள்ளினார்கள், மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018இல் வந்த முடிவில், புல் போட்ட காணிகளுக்குக் கிட்ட இருந்தவர்களிடம் மனச்சோர்வாக இருக்கிறது என்று சொல்வது, ஒன்றும் செய்யாத இடங்களோடு பார்க்கும்போது 41 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஏழைப் பகுதிகளில் 68 வீதத்துக்கும் மேல். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இங்கிலாந்திலும் 4 கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரத்தை வைத்து மிட்செல், பொப்பம் என்ற இருவர் 2008இல் எழுதினார்கள்: பச்சை கூடிய இடங்களில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மரண வித்தியாசம் சுருங்கியிருந்தது. கையில் காசு இருக்கிறவன் ஜிம்முக்குப் போவான், நுவரெலியாவுக்கு டூர் போவான். ஒன்றும் இல்லாதவருக்குத்தான் வீட்டுக்குக் கிட்ட ஒரு களம் மருந்து மாதிரி வேலை செய்கிறது.

நம் பிள்ளைகளின் நிலைமையும் தெரியும்தானே. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நாடு முழுக்க எடுத்தால் 17.3 வீதம். களம் ஒன்று இருந்தால் அது சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், அது சாப்பாடும் தண்ணீரும் கக்கூஸும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் சம்பளத்தில், தண்ணீரில் என்று எல்லாவற்றிலும் பின்னால் நிறுத்தப்பட்ட சனத்திடம் கடைசியாக இருந்த ஒரு துண்டு சமதரையையும் எடுத்துக்கொண்டு, அதைப் பெரிய விஷயமாக எடுக்காதே என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மஹியாவ_மகள் எழுதியது:

நான் கண்டி. டவுனில் இருக்கிற எங்களுக்கும் இதே கதைதான், வேறு உருவத்தில். தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலைக் காடு நூறு ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது, முன்னால் 1807இல் கட்டிய குளம், கொஞ்சம் தள்ளிப் பேராதனைப் பூங்கா. படத்தில் பார்த்தால் கண்டியில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. காட்டுக்கும் பூங்காவுக்கும் டிக்கெட். குளத்தைச் சுற்றி நடக்கக் காசு இல்லை, ஆனால் பக்கத்திலேயே பஸ் புகை, கண்டி கிண்ணம் மாதிரி மலைக்கு நடுவில் இருப்பதால் அந்தப் புகை லேசில் கலையாது.

அந்தக் குளக்கரையைக் கூட்டிப் பெருக்கிய சனத்தின் பிள்ளைகள் நாங்கள். எங்கள் குடியிருப்பான மஹியாவையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இரண்டு பேர் ஒன்றாக நடக்க முடியாத ஒழுங்கைகள் உண்டு. கொரோனா நேரம் மூடிப் போட்டபோது என் மகன் ஏழு வாரம் வெயிலைப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒரு களத்தின் அருமை எனக்கு விளங்கியது.

நுவரெலியாவையும் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் அந்தப் பள்ளத்தாக்கின் சமதரையை எதற்குக் கொடுத்தான்? 1873இல் கிரகரி வாவி, 1889இல் கோல்ப் மைதானம், குதிரைப் பந்தயத் திடல், 1897இல் விக்டோரியா பூங்கா. காற்று வாங்க வந்தவர்களுக்குச் சமதரை, வேலைக்கு வந்தவர்களுக்குச் சரிவு. நூற்றைம்பது வருஷமாகியும் அந்த வரைபடம் பெரிதாக மாறவில்லை. மாதக் கடைசியில் ஒரு தோட்டக் குடும்பம் ஐந்து பேருக்கு டிக்கெட் எடுத்து விக்டோரியா பூங்காவுக்குள் போகுமா?

அளவுநாடா எழுதியது:

பதுளை ஆள், நகரத் திட்டமிடல் படித்தவன், நில அளவை வேலையும் செய்திருக்கிறேன். கூட்டத்தில் பேசக் கணக்கு வேண்டும், அதைத் தருகிறேன்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போட்டால் ரோடு நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த அதிகார சபையின் எல்லைக்குள் உங்கள் தோட்டம் வருகிறதா என்று முதலில் பிரதேச சபையில் கேளுங்கள். வராவிட்டாலும் அரசாங்கமே போடுகிற திட்டத்துக்கு அந்த அளவைக் கேட்பதில் பிழையில்லை. 70 வீடு, 7 பேர்ச் என்றால் வீட்டுக்கு மட்டும் 490 பேர்ச், ஒரு ஹெக்டேர் 395 பேர்ச்தான், ஆகவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ரோடு போக 600 பேர்ச் என்று வைத்தால் உங்கள் பங்கு 60 பேர்ச்.

60 பேர்ச் என்பது ஏறக்குறைய 30 மீட்டருக்கு 50 மீட்டர். ஓரத்தால் ஒரு சுற்று 160 மீட்டர், அம்மா 12 சுற்றுப் போனால் 2 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். கிரிக்கெட்டுக்குப் போதாது, நடக்கவும் சின்னப் பிள்ளைகள் ஓடவும் போதும். களம் முழுக்க 200 பேர்ச், 60ஐ விட்டால் 140 மிஞ்சும். 20 வீட்டுக்கு அதே 140 வேண்டும், ரோட்டுக்கு இடம் வராது. ஆகவே 20 வீட்டையும் தூக்கத் தேவையில்லை, நாலைந்து வீட்டை வேறு பாதுகாப்பான துண்டுக்கு மாற்றினால் போதும். மஸ்கெலியா அண்ணே, உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில்: ஒரு குடும்பமும் பட்டியலிலிருந்து வெளியே போக வேண்டியதில்லை, நாலைந்து குடும்பங்களுக்கு இடம் மட்டும்தான் மாறும்.

சரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பச்சை வெளி. உங்கள் களம் அப்படியே அரை ஹெக்டேர்! ஆனால் அந்த 300 மீட்டர் நேர்கோட்டுத் தூரம், ஐந்து நிமிஷ நடை என்று வைத்த கணக்கு. நம் மலையில் 300 மீட்டர் என்பது 200 படியாகவும் இருக்கும், முழங்கால் வலிக்காரருக்கு அது 3 கிலோமீட்டர். ஆகவே தூரத்தோடு எத்தனை படி என்பதையும் எண்ணி எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவில் லயத்தை விட்டு இறங்கச் சொன்னால் அந்த டிவிஷன் சனம் எங்கே கூடி நிற்கும்? அந்தக் களம்தானே? அதன் மேல் வீடு கட்டிவிட்டால் வேறு எந்த இடம் என்று ப்ளான் போட்டவரிடம் கேளுங்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது.

பிரதேச சபையையும் விடாதீர்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் காசு செலவழிக்க முடியாது என்று வருஷக்கணக்காகச் சொன்னார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. காணியும் அரசாங்கத்துடையதுதான், கம்பனிகளிடம் குத்தகைக்கு இருக்கிறது.

மஸ்கெலியாக்காரன் எழுதியது:

கூடி நிற்கிற இடம் என்று சொன்னது எனக்கு உறைத்தது. புயல் மழையில் இறங்கி வந்த அன்று இரவு நாங்கள் கோயில் முற்றத்தில்தான் நின்றோம், நிற்க இடம் போதாமல் பாதிப் பேர் ரோட்டில் நனைந்தார்கள். நாலைந்து வீட்டை மாற்றுவது என்றால் நானும் உங்கள் பக்கம். ஆனால் எந்தத் துண்டுக்கு மாற்றுகிறார்கள், அதற்கு மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

பீலிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "பகல் முழுக்க கூடை சுமந்த உடம்பு" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டார்.

நேற்று அம்மாவும் பக்கத்து லயத்து இரண்டு அம்மாமாரும் நானும் படியை எண்ணினோம். மேல் லயத்திலிருந்து களத்துக்கு 64, கீழ் லயத்திலிருந்து 112. புதிதாக வீடு வருகிற மேட்டிலிருந்து 140க்கு மேல், அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த 112 படிக்கும் ஒரு கைபிடிக் கம்பி கேட்கலாம் என்று கீழ் லயத்து ஆயா சொன்னார், அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அளவுநாடா அண்ணே, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். களம் ஒன்றேகால் ஏக்கர் என்பது ஆட்கள் வாய்ச்சொல்லாகச் சொல்வதுதான், நாங்கள் கயிறு பிடித்து அளந்தால் ஏற்றுக்கொள்வார்களா, இல்லை நில அளவைக் கந்தோரில் பழைய ப்ளான் எடுக்க வேண்டுமா? கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.